இருபத்தெட்டு ஆடும் கிழவர்கள்

இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சீட்டுக்கட்டில் ரெண்டு முதல் ஆறு வரை உள்ளவற்றை எடுத்துவிட்டால் மீதி 32. நான்கு பேர் ஆட வேண்டும், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஜோடி. ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜா, ராணிக்கு இங்கே மதிப்பே கிடையாது. ஒரு இனத்துக்கு (இஸ்பேட், ஆட்டின், டைமன் மாதிரி) 7 புள்ளி, நான்கு இனத்துக்கும் சேர்த்து 28. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டுதான் போடுவார்கள். அதை வைத்துக்கொண்டே எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கேட்க வேண்டும், 14ல் தொடங்கும். கூடுதலாகக் கேட்டவர் துருப்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தின் சீட்டை, கவிழ்த்து வைப்பார். அது எந்த இனம் என்று அவருடைய ஜோடிக்குக்கூடத் தெரியாது. அப்புறம் மீதி நான்கு சீட்டு.

இதில் என்ன மூளைக்கு வேலை என்று கேட்கலாம். எந்த இனத்தில் எத்தனை சீட்டு இறங்கியிருக்கிறது, இஸ்பேட் ஒன்பது போய்விட்டதா, எதிர் ஜோடி இதுவரை எத்தனை புள்ளி சேர்த்திருக்கிறது, நம் ஜோடிக்காரர் ஏன் ஆட்டினை இறக்கத் தயங்குகிறார், கவிழ்ந்து கிடக்கும் துருப்பு எதுவாக இருக்கும், அதைத் திறக்கச் சொல்லலாமா இன்னும் ஒரு சுற்று பொறுக்கலாமா. இத்தனையும் ஒரே நேரத்தில் மண்டைக்குள் ஓட வேண்டும். வாயைத் திறந்து ஜோடிக்கு எதையாவது சொன்னாலோ சைகை காட்டினாலோ ஆட்டம் ரத்து.

கேரளத்தில் கொல்லம் பக்கத்து ஆட்கள் இதில் பெரிய புலிகள். நான் வேலை பார்த்தது செங்கோட்டை பக்கத்தில், கேரள எல்லையை ஒட்டிய பிரானூர் பார்டரில், ஒரு மரக்கடையில் கணக்குப்பிள்ளையாக. ஆரியங்காவு கணவாய் வழியாக வந்துபோகும் லாரிக்காரர்களும் மர வியாபாரிகளும்தான் எங்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு, வேலை நடக்காத ஒரு பழைய ஷெட்டில் சாயங்காலம் கூடுகிறோம். மர லாரி ஓட்டிய ஒருவர், ஒரு தையல்காரர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், தென்மலையில் இருந்து ரயிலேறி வரும் ஒரு சேட்டன், நான், இன்னும் சிலர். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். காசு வைத்து ஆடுவதில்லை. தோற்ற ஜோடிக்குக் காதில் குணுக்கு மாட்டிவிடுவோம், இது கேரளத்து வழக்கம். பலா இலையைச் சுருட்டிக் காதில் தொங்கவிட்டுக்கொண்டு அடுத்த ஆட்டம் ஆட வேண்டும். பாம்படம் போட்ட பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் கோலம் இன்னும் சிரிப்புதான்.

இதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் நான் நினைக்காததற்குக் காரணம் என் மதினி, மனைவியின் அக்கா. தமிழ் ஆசிரியையாக இருந்தவர். தினமும் பத்திரிகைக் குறுக்கெழுத்தை முடிக்காமல் காலைச் சாப்பாடு கிடையாது. அவருக்குத்தான் அல்சைமர் வந்தது. ஆகவே ‘புதிர் போட்டால் மறதி நோய் வராது’ என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டாக்டர் எங்களுக்கு விளக்கியது வேறு. நிறையப் படித்து, நிறைய யோசித்துப் பழகிய மூளையில் ஒரு கையிருப்பு இருக்கிறது. உள்ளே நோய் தொடங்கினாலும் வெளியே தெரிய நாளாகும். தெரியவரும்போது நோய் ஏற்கெனவே முற்றியிருக்கும், அதனால் அதற்குப் பிறகு வேகமாக இறங்குவதுபோல் தோன்றும். மதினி விஷயத்தில் அப்படித்தான் நடந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை நான் இப்படிச் சொல்வேன்: மழைக்காலத்தில் ஆரியங்காவு மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டால் ஒரே வழி தெரிந்த டிரைவர் புளியரையிலேயே நின்றுவிடுவார். மேக்கரை, அச்சன்கோவில் வழி தெரிந்தவர் சுற்றிக்கொண்டாவது புனலூர் போய்ச் சேர்வார். மண் சரிவதை அவராலும் தடுக்க முடியாது.

2023ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். 2024ல் லான்செட் மருத்துவ இதழின் குழு 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றை வாழ்நாள் முழுக்கச் சரியாகக் கவனித்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்றது. பட்டியலில் இருப்பவை ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, குடி, கேட்காத காது, தெரியாத கண், கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, தனிமை இப்படி. சின்ன வயதில் படிப்பு கிடைக்காததும் உண்டு. சீட்டாட்டம் என்று தனியாக ஒரு வரி இல்லை. ஆனால் தனிமை இருக்கிறது பாருங்கள், ஷெட்டுக்கு வருகிற பாதிப் பேருக்கு அதுதான் வியாதி.

நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல வருடம் கவனித்து 2003ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வாசிப்பு, சீட்டு போன்ற விளையாட்டுகள், இசைக்கருவி வாசிப்பது, நடனம் இவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்திருந்தது. எங்கள் வாத்தியார் இதைக் கேட்டதும் ஒரு கேள்வி போட்டார். “விளையாடுனதால மூளை நல்லாருக்கா, மூளை நல்லாருக்கவன் மட்டும் விளையாட வந்தானா?” சரியான கேள்விதான். இந்த மாதிரி ஆய்வால் அதை முழுசாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

அதைவிட எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் டல்லாஸில் செய்து 2014ல் வெளியிட்ட ஆய்வு. 60 வயதைத் தாண்டியவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் துணித்துண்டுகளை இணைத்து விரிப்பு தைப்பதும் டிஜிட்டல் கேமராவும் கற்றுக் கொடுத்தார்கள். வாரத்துக்கு சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். இன்னொரு பகுதியினர் சும்மா கூடிப் பேசினார்கள், ஊர் சுற்றினார்கள். வேறு சிலர் வீட்டில் இருந்தபடி இசை கேட்பது, சொல் விளையாட்டு போன்ற எளிய வேலைகள் செய்தார்கள். நினைவாற்றல் கூடியது, தெரியாத வேலையைத் திக்கித் திணறிக் கற்றவர்களுக்கு.

இதை என் தொழிலோடு வைத்துப் பார்த்தேன். தடியின் நடுச்சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நான்கால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, அடிக்கணக்கில் நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி. 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி. டேப்பை மடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவேன். பார்ப்பவர்கள், ‘அண்ணாச்சிக்கு மூளை கம்ப்யூட்டர்லா’ என்பார்கள். உண்மையில் அந்தக் கணக்கில் என் மூளைக்கு வேலையே இல்லை, பழக்கம்தான் விடை சொல்கிறது. சுடோகுவும் எனக்கு அப்படியே ஆகிப்போனது, விட்டுவிட்டேன். கை வந்த வேலை சந்தோஷம் தரும், தரட்டும். மூளைக்குப் பயிற்சி வேண்டுமானால் முழிக்க வைக்கிற வேலை ஒன்று கூடவே வேண்டும்.

எனக்கு அது மலையாள எழுத்து. பேச்சு மலையாளம் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே ஒட்டிக்கொண்டது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர், இங்கே பாதிப் பேருக்கு அந்த மொழி காதில் ஏறியிருக்கும். வாசிக்க மட்டும் தெரியாது. மகள் கொல்லத்தில் இருக்கிறாள். அவள் மகனுடைய ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கி வந்து ஆரம்பித்தேன்.

ழ, ள, வ எல்லாம் நம் எழுத்தின் சாயலில் இருப்பதால் முதலில் தைரியம் வந்தது. அது சீக்கிரமே போய்விட்டது. நமக்கு ஒரு ‘க’ என்றால் அவர்களுக்கு நான்கு. தவும் நவும் பார்வைக்கு அண்ணன் தம்பி. கூட்டெழுத்து வந்தால் எது எதன்மேல் ஏறி நிற்கிறது என்றே புரியாது. பேரன் பக்கத்தில் உட்கார்ந்து “தாத்தா, திரும்பவும் தப்பு” என்று சிலேட்டில் அழித்துவிடுவான். நான் அவனுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன், அந்தக் கணக்கு அதோடு நேராகிவிடும்.

நல்ல பயிற்சி ரயிலில்தான் கிடைத்தது. செங்கோட்டை - புனலூர் பாதை 2018ல் அகலப் பாதையாகத் திறந்தபின் கொல்லம் போய்வருவது சுலபம். ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை, ஒற்றக்கல், எடமண் என்று ஸ்டேஷன் பெயர்கள் மனப்பாடம் என்பதால் பலகையைப் படிப்பதில் சுவாரஸ்யம் இல்லை. நான் படிப்பது வெளியே ஓடும் கடைப் பலகைகளை, சுவர் விளம்பரங்களை. எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் கடை போய்விடும். மலை ஏற்றத்தில் வண்டி மெதுவாகப் போகும்போது இரண்டு, மூன்று வார்த்தை சேர்த்துப் பிடிக்கலாம். புனலூர் தாண்டி வேகம் எடுத்தால் அம்பேல். இப்போது சேட்டன் கொண்டுவரும் பத்திரிகையில் தலைப்புச் செய்தியை வாசித்துவிடுகிறேன், உள்ளே போனால் நேரம் பிடிக்கிறது. முழுசாக வாசிக்க வந்ததும் வேறு எதையாவது எடுக்க வேண்டியிருக்கும்.

மொழி விஷயத்தில் நம் நாட்டிலேயே ஒரு நல்ல ஆய்வு உண்டு. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதி நோய் வந்த 648 பேரைப் பார்த்து 2013ல் வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு, ஒரே மொழி பேசியவர்களைவிட நான்கரை வருடம் தாமதமாக அறிகுறி தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. பார்டரில் ரெண்டு பாஷையில் பேரம் பேசிப் பிழைத்த எங்களுக்கு இதைக் கேட்கச் சந்தோஷமாக இருக்காதா? ஆனால் அது காலமெல்லாம் இரண்டு மொழியில் புழங்கியவர்களைப் பற்றியது. அறுபதுக்கு மேல் சிலேட்டு எடுத்தவனுக்கும் அதே பலன் என்று அதில் இல்லை. நான் கற்பது பிடித்திருப்பதால்தான்.

இனி, பொழுதுபோக்குக்கு முன்னால் பார்க்க வேண்டிய சில விஷயங்கள். மறதி கொஞ்சம் கூடியதுபோல் இருந்தபோது நான் முதலில் போனது டாக்டரிடம். ரத்தத்தில் பி12, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். பி12 குறைவாக இருந்தது. சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கும் இது குறையலாமாம். பி12 குறைவாலும் தைராய்டு குறைவாலும் வருகிற மறதியை மருந்தால் பெரும்பாலும் சரிசெய்துவிட முடியும். அதைப் பார்க்காமல் வயது என்று விட்டுவிட்டுப் புதிர்ப் புத்தகம் வாங்கிக் கொடுப்பதில் என்ன பிரயோஜனம்?

அடுத்தது காது. ஷெட்டில் ஏலம் கேட்கும்போது பதினாறா பதினேழா என்று தகராறு வராத நாள் கிடையாது. மரம் அறுக்கும் மில் பக்கத்திலேயே வாழ்ந்தவர்களுக்குக் காது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சரியாகக் கேட்காதபோது என்ன சொன்னார்கள் என்று ஊகிப்பதிலேயே மூளை களைத்துவிடுகிறது, யோசிக்க மிச்சம் இருப்பது குறைவு. அப்புறம் ஆள் மெல்ல மெல்லக் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவார். காது மிஷின் போட்டபின் லாரிக்கார அண்ணாச்சியின் ஆட்டமே மாறிவிட்டது. பழக அவருக்குச் சில வாரம் ஆனது. ஃபேன் சத்தம்கூட இடி மாதிரி கேட்கிறது என்று கழற்றி வீசப் போனார். இரண்டு முறை அளவைத் திருத்திய பிறகுதான் ஒத்துக்கொண்டார். கண்ணில் புரை இருந்தவர்கள் அறுவை செய்துகொண்டோம். ஷெட்டில் மஞ்சள் பல்பைக் கழற்றி வெள்ளை எல்இடி போட்டோம், டைமனையும் ஆட்டினையும் மாற்றிப் போடுவது அதோடு நின்றது.

ஆட்ட மேசையில் இன்னொரு பயன் இருக்கிறது. ஒருவரின் தலை மாறுவது வீட்டாருக்கு முன்னால் ஜோடிக்காரருக்குத் தெரிந்துவிடும். எங்கள் தையல்காரர் ஏலம் கேட்பதில் மன்னன். அவர் ஒரு காலகட்டத்தில் தானே கவிழ்த்த துருப்பு எது என்று எடுத்து எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். யாருடைய முறை என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கோபம் வேறு. சேட்டன்தான் என்னிடம் தனியாக, “அண்ணாச்சி, புள்ளிக்காரனுக்கு எந்தோ சுகமில்லா” என்றார், ஆளுக்கு என்னவோ சரியில்லை என்று அர்த்தம். தையல்காரரின் மகனிடம் சொன்னால், “வயசாயிட்டுல்லா சித்தப்பா, அப்படித்தான் இருக்கும்” என்றான். விடாமல் பேசி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் செய்தோம். போகும்போது வீட்டில் இருந்த எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போகச் சொன்னது வாத்தியார். அதில்தான் விஷயம் இருந்தது. தூக்கத்துக்கு ஒன்று, தும்மலுக்கு ஒன்று என்று பழைய சீட்டைக் காட்டியே நெடுங்காலமாக வாங்கி விழுங்கியிருக்கிறார். சில தூக்க மாத்திரையும் சில அலர்ஜி மாத்திரையும் வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் மறதியையும் உண்டாக்கும். டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். நாமாகச் சட்டென்று நிறுத்தினால் அது வேறு ஆபத்து. தையல்காரர் பழைய மன்னன் ஆகவில்லை, ஆனால் துருப்பை எடுத்துப் பார்ப்பது நின்றுவிட்டது.

ஆகவே புதிதாகக் குழு சேர்ப்பவர்களுக்கு நான் சொல்வது, ஆட்களைக் கவனியுங்கள். ஆட்டம் தடுமாறுகிறவரைக் கேலி செய்து விரட்டினால் அவர் வீட்டில் போய் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். எங்களிடம் ஒருவருக்கு வேகம் குறைந்தால் சில நாள் புள்ளி எழுதும் வேலையைக் கொடுப்போம், அதுவும் மூளை வேலைதான். ஜோடியை மாற்றிக்கொண்டே இருப்போம். ஒரே ஆளோடு ஆடினால் அவர் புருவம் தூக்குவதே நமக்குப் பாஷையாகிவிடும், யோசனை நின்றுவிடும். போன் மேசைக்கு வரக் கூடாது. ஒரேயடியாக உட்கார்ந்தே இருக்கவும் கூடாது. ஒரு ஆட்டம் முடிந்ததும் ஷெட்டை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்துதான் அடுத்த சீட்டைத் தொட வேண்டும். இந்த நடையை நான்தான் புகுத்தினேன், இன்னும் திட்டுகிறார்கள்.

மகள் போனில் மூளைப் பயிற்சிச் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். கொஞ்ச நாள் பார்த்தேன். அந்த ஆட்டத்தில் கெட்டிக்காரன் ஆனேன், மூக்குக் கண்ணாடியைத் தேடுவது மட்டும் குறையவில்லை. லூமாசிட்டி என்ற செயலி நிறுவனம், மறதியைத் தடுக்கும் என்கிற மாதிரி ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக அமெரிக்க அரசு வழக்குப் போட, 2016ல் 20 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. பிடித்தவர்கள் விளையாடலாம், காசு கட்டும் முன் யோசியுங்கள்.

மதினிக்கு இந்தக் கதையெல்லாம் பொருந்தாது. புதிதாகக் கற்றுக் கொடுக்கப் போனால் பதற்றம்தான் வருகிறது. அவருக்கு என் மனைவி பிச்சிப் பூவும் நாரும் கொடுத்து உட்கார வைக்கிறாள். எதிரில் இருப்பது தங்கை என்பது பல நாள் தெரியாது. ஆனால் பூவை இரண்டிரண்டாக எதிரும் புதிருமாக வைத்து நாரைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போடும் கை தப்புவதே இல்லை. கை பழகிய வேலையின் நினைவு மற்ற நினைவுகளைவிட நெடுநாள் நிற்கும் என்று டாக்டர் சொன்னார். கட்டி முடித்ததும் முழம் போட்டு அளந்து, “என்ன விலை தருவிய?” என்று கேட்பார். மனைவி பேரம் பேசுவாள். நோயாளியை வைத்துப் பார்க்கும் குடும்பங்களுக்கு ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அல்சைமர் சங்கம் உதவுகிறது. 1992ல் திருச்சூர் மாவட்டம் குன்னங்குளத்தில் தொடங்கியது அது. முதியோருக்கான அரசு உதவி எண் 14567. எங்களுக்கு இவற்றில் கிடைத்த பெரிய உதவி, யாரோ ஒருவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டதுதான்.

ஷெட்டில் இப்போது இருபத்தெட்டு அலுத்துவிட்டது என்று ஐம்பத்தாறுக்குத் தாவியிருக்கிறோம். இரண்டு கட்டு கலந்து, எட்டையும் ஏழையும் கூட எடுத்துவிட்டு 48 சீட்டு. ஆறு பேர், மூன்று மூன்று பேராக இரண்டு அணி. ஒரே ஜாக்கி இரண்டு முறை வரும் என்பதால் பழைய கணக்கு ஒன்றும் செல்லுபடியாகாது, எல்லோரும் மறுபடி முழிக்கிறோம். ஆறாவது ஆளுக்குத் தட்டுப்பாடு. என் மனைவியைக் கேட்டேன். வருகிறாளாம், ஆனால் இரண்டு நிபந்தனை: அக்கா பூக் கட்டும் நேரத்துக்கு ஷெட் ஆட்டத்தை மாற்ற வேண்டும், தோற்றவர் குணுக்கைக் கழற்றாமல் பஜார் வழியாக வீடு வரை நடந்து போக வேண்டும். முதல் நிபந்தனையை ஒத்துக்கொண்டாயிற்று. இரண்டாவதில் லாரிக்கார அண்ணாச்சி இன்னும் பிடிகொடுக்கவில்லை.